தெரிந்த புராணத்திலிருந்து புதுக் கதையும் படமும் செய்வது எப்படி

புராணக் கதை எழுதச் சொன்னால் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் நேரே குருக்ஷேத்திரத்துக்கோ இலங்கைக்கோ போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் மக்களே. சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிற வழியிலேயே ஒரு முழுக் கதை கிடக்கிறது. பாணாசுரனைக் கன்னிப்பெண் ஒருத்தியால்தான் கொல்ல முடியும், அதனால் குமரித் தேவிக்குக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று நாரதர் விடியும் முன்பே சேவலாகக் கூவ, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று நினைத்த மாப்பிள்ளை சிவன் வழியிலுள்ள வழுக்கம்பாறை ஊரிலிருந்தே சுசீந்திரத்துக்குத் திரும்பிவிட்டார் என்பார்கள்.

இதை ஆதியோடந்தமாகத் திருப்பிச் சொல்லாதீர்கள், ஊருக்கே தெரியும். ஒரே ஒரு நேரத்தைப் பிடியுங்கள்: சேவல் கூவிய நேரம். அப்போது கல்யாண வீட்டுப் புறவாசலில் யார் இருந்தார்கள்? அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு கிழவி என்று வைத்துக்கொள்வோம். உலை கொதிக்கிறது, கையில் ஈர அரிசி, வெளியே கும்மிருட்டு, இந்த நேரத்தில் எந்தச் சேவல் கூவும் என்று அவள் தலை நிமிர்கிறாள். பொழுது எது என்று அந்தப் பந்தலில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான், கதை கிடைத்துவிட்டது.

சமைக்காமல் போன அரிசியும் பருப்பும்தான் குமரிக் கடற்கரையில் பல நிற மணலாகக் கிடக்கிறது என்று சொல்வார்கள். ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கருப்பு, கருஞ்சிவப்பு, நொய்யரிசி நிறம் என்று பிரியும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று அறிவியல் டீச்சர் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வண்ணம் தீட்டும்போது இரண்டும் உதவும்.

சொல்லும் முறைக்கு வில்லுப்பாட்டைக் கேளுங்கள். கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊரில் போய் உட்கார்ந்தாலே போதும். காப்பு, அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் பாடிய பிறகுதான் புலவர் கதைக்குள் வருவார். நீங்களும் முதல் பத்தியில் ஊரைக் கொண்டுவாருங்கள், ஆனால் சுருக்கமாக, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது வரைக்கும் தெரிகிற மாதிரி. அப்புறம் எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள், கூட்டாளி ஒருவர் வில்லுப்பாட்டில் வருவதுபோல் வரிக்கு வரி ‘ஆமா’ போடட்டும். அவருக்கு ‘ஆமா’ வராத இடத்தில் கதை தொய்கிறது, அங்கே வெட்டுங்கள்.

படம் வரைய வராது என்கிறவர்கள் தோல்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் பெரும்பாலும் பக்கவாட்டு முகம்தான். மூக்கும் தாடையும் வைத்தே ஆளை அடையாளம் தெரிந்துவிடும், நகையெல்லாம் துளை வழியாக வரும் வெளிச்சம். கருப்பு சார்ட்டில் உருவத்தை வெட்டி, ஊசியால் துளை போட்டு, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: எழுத்தில் சொன்னதையே படத்தில் போடாதீர்கள். கிழவியை எழுதியாயிற்று என்றால் படத்தில் சேவல் இருக்கட்டும், அதன் நிழல் மட்டும் நாரதருடையதாக விழட்டும்.

முப்பந்தல் இசக்கியையோ சுடலைமாடனையோ எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். நமக்கு அது கதை, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அது வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற தெய்வம். பேய்ப்படத்துப் பல்லும் ரத்தமும் வேண்டாம். பிள்ளையோடு நிற்கிற இசக்கியின் சுடுமண் உருவத்தை நேரில் பார்த்து, அந்தப் பிள்ளை எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று வரைந்து பழகுங்கள். கொடையில் சாமியாடுகிற கோமரத்தாடியை வரைய ஆசைப்பட்டால் அவரிடமும் கோயில்காரர்களிடமும் முதலில் கேளுங்கள். ஒரே கதையை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள், அதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாமல் எந்த ஊரில் கேட்டது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.