வீட்டுக்குள் பகிர்வும் ஸ்ட்ரீமிங்கும்: டேட்டா வரம்பைத் தின்னும் தவறுகள்

இணைய நிறுவனம் கணக்கில் எடுப்பது ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதையும் உள்ளே வருவதையும் மட்டும்தான். லேப்டாப்பில் இருக்கும் 20 ஜிபி வீடியோவை அதே ரவுட்டரில் இணைந்த டிவியில் நேரடியாக ஓட்டினால் வரம்பில் எதுவும் குறையாது. இது தெரியாமல் வீட்டுக்குள் பகிரவே தயங்குகிறவர்கள் நிறைய. உண்மையில் டேட்டா போவது வேறு வழிகளில்.

பக்கத்தில் இருக்கும் கணினிக்கு ஃபோனிலிருந்து வீடியோ அனுப்ப கூகுள் டிரைவைப் பயன்படுத்துவதுதான் பெரிய வீண். 5 ஜிபி கோப்பு முதலில் மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். அப்லோடையும் எண்ணும் திட்டமானால் 10 ஜிபி காலி. விண்டோஸின் பகிர்வு ஃபோல்டர், சாதனங்களுக்கு இடையே நேரடியாகக் கோப்பு அனுப்பும் குயிக் ஷேர், ஏர்டிராப், லோக்கல்சென்ட் எல்லாமே இதை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடும். பகிர்வு ஃபோல்டர், லோக்கல்சென்ட் போன்றவற்றில், ஒரு சாதனம் விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் மற்றதன் கண்ணில் படாது. இரண்டையும் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள்.

ஃபோனிலிருந்து டிவிக்கு வீடியோவை அனுப்பி ஓட்டும்போது (‘காஸ்ட்’) அது ஃபோன் வழியாகப் போகிறது என்று நினைத்து, ஃபோனில் தரத்தைக் குறைப்பதும் பயன் தராது. யூடியூப் போன்றவற்றில் ஃபோன் அந்த வீடியோவின் இணைய முகவரியை மட்டுமே டிவிக்குக் கொடுக்கிறது. வீடியோவை டிவியே இணையத்திலிருந்து இழுக்கிறது. தரத்தை டிவியில் உள்ள செயலியிலோ கணக்கின் அமைப்பிலோதான் குறைக்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. 5 எம்பிபிஎஸ் ஹெச்டி வீடியோ மணிக்கு 2.25 ஜிபி, 16 எம்பிபிஎஸ் 4கே 7.2 ஜிபி. இதைவிட மோசம், கிளவுடுக்கு இடைவிடாமல் பதிவை அனுப்பும் கேமரா: வெறும் 2 எம்பிபிஎஸ்தான், ஆனால் நாளுக்கு 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி. மெமரி கார்டில் பதியவிட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள்.

வீட்டுக் கணினியில் உள்ள படங்களை மற்றச் சாதனங்களில் பார்க்க உதவும் பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் வைத்திருப்பவர்கள் வெளியூரிலிருந்து பார்த்தால், அது முழுக்க வீட்டு இணைப்பின் அப்லோடில் போகும். சில நேரம் வீட்டுக்குள்ளேயே செயலி வீட்டு இணைப்பின் வெளி (இணைய) முகவரி வழியாகச் சுற்றிவருவதும் உண்டு. சோதிப்பது எளிது: வீடியோ ஓடும்போது ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் ‘வேன்’ (WAN) போர்ட்டில் உள்ள கேபிளைக் கழற்றுங்கள். முன்கூட்டியே இறங்கிய பகுதி சிறிது நேரம் ஓடும் என்பதால் ஐந்து நிமிடம் பொறுங்கள். அதன் பிறகும் ஓடினால் வரம்பைத் தொடவில்லை. நின்றுபோனால், சர்வரின் உள் முகவரியை (பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்) செயலியில் கொடுத்துப் பாருங்கள்.

டாரன்ட்டில் (பயனர்கள் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறை) கோப்பு இறங்கி முடிந்ததும் அதை மற்றவர்களுக்கு அனுப்புவது நிற்காது. இறக்கியதற்கு எத்தனை மடங்கு அனுப்பலாம் என்ற பகிர்வு விகிதத்துக்கு எல்லை போடுங்கள். விண்டோஸும் அப்டேட்டை இணையத்தில் உள்ள மற்றக் கணினிகளுக்கு அனுப்பக்கூடும்: ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ அமைப்பில் உள் நெட்வொர்க் சாதனங்கள் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் காட்டும் டேட்டா கணக்கை நம்பி இணைய நிறுவனத்துடன் சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் நகலெடுத்ததையும் சேர்த்தே அது எண்ணுகிறது. ரவுட்டர் பக்கத்தில் ‘வேன்’ எண்ணிக்கையைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் மறுதொடக்கம் செய்தால் அது பூஜ்யமாகிவிடும் என்பதால், அதற்கு முன் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.