எம்சிடி ஊற்றினால் கொழுப்புக் கணக்கு முடிந்துவிடாது

பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, புதிதாகச் சேர்ந்த டயட்டீஷியன் ஒருவர் போட்ட உணவுத் திட்டத்தைப் போன வாரம் பார்த்தேன். பதினைந்து வருடம் முன்னால் நான் போட்ட அதே கணக்கு, அதே ஓட்டை. அளவுக் கரண்டி மாறுவது, ஒரு வேளை மறப்பது எல்லாம் தானாகத் திருந்திவிடும். கீழே உள்ள தவறுகள் அப்படித் திருந்துவதில்லை.

எம்சிடி எண்ணெயை முழுக் கொழுப்பாக நினைப்பது

எல்சாட் (LCHAD) போன்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் உடலால் நீள்சங்கிலிக் கொழுப்பைச் சரியாக எரிக்க முடியாது. அதனால் அதைக் குறைத்துவிட்டு எம்சிடி, அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய், கொடுக்கிறோம். அதில் இருப்பவை 8, 10 கார்பன் அமிலங்கள். சக்தி கிடைக்கும், அவ்வளவுதான். உடல் தானே செய்துகொள்ள முடியாத லினோலியிக், ஆல்ஃபா லினோலெனிக் அமிலங்கள் இரண்டும் 18 கார்பன். எம்சிடியில் அவை கிடையாது.

எனக்கு இது பாடமாகத் தெரியும். ஆனாலும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கலோரி சரியாக வந்ததும் ஃபைலை மூடிவிட்டேன். "மேடம், எவ்வளவு எண்ணெய் தேய்ச்சாலும் கால் செதில் செதிலா உரியுது" என்று அந்தத் தாய் இரண்டு முறை சொன்னார். "குளிர்காலம்தானே, சரியாயிடும்மா" என்றேன். அப்புறம் ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைப் பார்த்தோம். லினோலியிக் குறைவு, மீட் அமிலம் அதிகம். லினோலியிக் கிடைக்காதபோது உடல் ஒப்புக்குச் செய்துகொள்வதுதான் இந்த மீட் அமிலம். இன்றைக்கும் அந்தக் "குளிர்காலம்தானே" நினைவுக்கு வந்தால் என் மீதே எரிச்சல் வரும்.

திருத்தப் போனதிலும் சறுக்கினேன். இரண்டு அமிலமும் இருக்கிறதே என்று வால்நட் எண்ணெயைச் சேர்த்தேன், கழிக்க மறந்தேன். 5 மி.லி. எண்ணெய் என்றால் சுமார் 4.5 கிராம் கொழுப்பு, அத்தனையும் நீள்சங்கிலி. அன்றைய அனுமதி அளவுக்குள்தான் அது அடங்க வேண்டும். மீன் எண்ணெய்க்கும் இதே கதைதான். சூரியகாந்தி எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக் ஏறக்குறைய இல்லை. அதை மட்டும் நம்பினால் ஓட்டை பாதிதான் அடைபடும்.

எம்கேட் குழந்தைக்கு எம்சிடி

கூடவே கூடாது. எம்கேட் (MCAD) இன்னொரு நொதிக் குறைபாடு; அந்த உடல் எரிக்கத் திணறுவதே எம்சிடியில் இருக்கும் அமிலங்களைத்தான்.

'மீன் எண்ணெய் 1000 மி.கி.'

அது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 அமிலங்களான இபிஏ 180, டிஹெச்ஏ 120 மி.கி. இருக்கும். புரதத்தில் உள்ள ஃபினைல்அலனினை உடலால் சரியாக உடைக்க முடியாத குறைபாடுதான் பி.கே.யூ. அதனால் அந்தக் குழந்தைகள் மீன், முட்டை, இறைச்சி எதையும் தொடுவதில்லை. அவர்களுக்கு நாம் தேடுவது டிஹெச்ஏ. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். புரதத்துக்குப் பதிலாகக் குடிக்கும் ஃபார்முலாவில் ஏற்கெனவே டிஹெச்ஏ சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் இதற்கு ஈடாகாது. உடல் அதிலிருந்து டிஹெச்ஏவாக மாற்றுவது சொற்பம்.

மெல்லும் மிட்டாய் வகை டிஹெச்ஏ

பி.கே.யூ. என்றால் அஸ்பார்டேம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஃபினைல்அலனின்.

காட் லிவர் எண்ணெய்

இந்த மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏவும் உண்டு; அது ஃபார்முலாவிலேயே இருக்கிறது. டிஹெச்ஏவுக்காக இந்த எண்ணெயை ஏற்ற ஏற்ற, வைட்டமின் ஏவும் கூடவே ஏறும்.