தோண்டும்போது கேஸ் குழாயில் அடிபட்டால்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் தெருவில் ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தால் இதை நினைவில் வையுங்கள். பக்கெட் பல் பட்டு கேஸ் குழாய் கிழிந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், புழுதி எழும்பும், குழியில் தேங்கிய தண்ணீர் குமிழியிடும். பெரிய பைப்லைனில் போகும் கேஸுக்கு வாடையே இல்லாமலும் இருக்கலாம். மூக்கை நம்பி நிற்காதீர்கள்.

முதலில் விலகுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக. பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். தூரம் போனபிறகே போனை எடுத்து 112 அல்லது தீயணைப்புக்கு 101.

இடத்தைச் சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெறும் 'காந்தி நகர்' என்றால் எந்த ஊர் காந்தி நகர்? போனை எடுப்பவருக்கு வேலூர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "வேலூர் மாவட்டம், காட்பாடி காந்தி நகர், இன்ன தெரு, இன்ன கடைக்கு எதிரே, தோண்டும்போது கேஸ் குழாய் உடைந்தது, யாருக்கும் அடியில்லை" என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். அடுத்து, குழாய்ப் பாதையோரம் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகையில் உள்ள கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். கேஸை நிறுத்த அவர்களால்தான் முடியும்.

மண் போட்டு அடைக்க வேண்டாம். கேஸ் மண்ணுக்குள் ஊர்ந்து சாக்கடை வழியாக வீடுகளுக்குள் புகுந்துவிடும். வால்வைத் திருகுவதும் நம் வேலையல்ல.

குழாயில் வெறும் கீறல்தான், கசிவில்லை என்றாலும் குழியை மூடாமல் தகவல் சொல்லுங்கள். கீறல் விழுந்த இடம் பல மாதம் கழித்துக்கூட உடைந்துபோகலாம்.