குண்டூசி கிடைக்காத வருஷம்: பாஸ்டன் 1775-ஐ வைத்துக் குடும்பக் கதை எழுதுவது எப்படி?

சரித்திரக் கதை என்றதும் எல்லோரும் முதலில் போர்க்களத்துக்குத்தான் ஓடுகிறோம். நானும் ஓடினேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அமெரிக்கப் புரட்சியை வைத்து நான் எழுதிய முதல் கதையில் ஒரு பாட்டி அடுப்படியில் நின்றுகொண்டு சுதந்திரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினாள். படித்துவிட்டுத் தங்கை கேட்டாள், "இந்தப் பாட்டிக்கு வேற வேலையே இல்லையா?"

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: நோட்டில் நடுக்கோடு போடுங்கள்

ஒரு ஊர், கொஞ்ச காலம் போதும். பாஸ்டன், 1773 முதல் 1776 வரை என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் ஊரில் நடந்தவை: 1773 டிசம்பர் 16 இரவு பிரிட்டிஷ் வரியை எதிர்த்தவர்கள் கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டுகிறார்கள், அதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 துறைமுகத்துக்குப் பூட்டு, 1775 ஏப்ரல் 19 லெக்ஸிங்டனில் துப்பாக்கிச் சூடு, ஜூன் 17 பங்கர் ஹில் போர், 1776 மார்ச் 17 பிரிட்டிஷ் படை கப்பலேறுகிறது. வலது பக்கம் உங்கள் குடும்பத்துக்கு. துறைமுகம் மூடினால் பீப்பாய் செய்கிற அப்பாவுக்கு வேலை இருக்காது, வேலை இல்லையென்றால் அக்கா கல்யாணம் தள்ளிப்போகும், ஊரை விட்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய் ஒண்டவேண்டி வரும். பாதிக் கதை இங்கேயே வந்துவிடும்.

படி 2: வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி வேண்டாம்

பிரிட்டிஷ் படை கிளம்பியபோது, பிரிட்டிஷ் ராஜாவின் பக்கம் நின்ற உள்ளூர்க்காரர்களான ராஜ விசுவாசிகள் ஏறக்குறைய 1,100 பேரும் கூடவே இன்றைய கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்குப் போனார்கள். அதில் ஒருவர் உங்கள் கதைக் குடும்பத்துக்கு உறவுக்காரராக இருக்கட்டும். இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று மழுப்பிவிட்டுப் போகலாம், நம்மால் முடியாது. போனவர் சித்தப்பாவா, மாமாவா என்று முடிவு பண்ணியே ஆகவேண்டும். மாமா என்றால் கப்பல் கிளம்பும்போது அழுவது அம்மா. முடிவு பண்ணியாயிற்றா, காட்சி தானாக வரும்.

இன்னொன்று. அந்தக்கால பாஸ்டன் வீடுகள் சிலவற்றில் அடிமைகளும் இருந்தார்கள். 1773-ல் லண்டனில் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லி அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். அன்றைய ஆவணங்கள் பல இடங்களில் இவர்களை 'வேலையாட்கள்' என்றே எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் பாத்திரங்கள் வேண்டுமானால் அப்படிச் சொல்லட்டும், கதை அதை நம்பிவிடக் கூடாது.

படி 3: கடையில் கிடைக்காத பொருள் எது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பங்கர் ஹில் போர் நடந்த அதே ஜூன் மாதம், பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான பிரெயின்ட்ரீயில் பிள்ளைகளுடன் தனியாக இருந்த அபிகெயில் ஆடம்ஸ், பிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் எனப்பட்ட காலனிப் பிரதிநிதிகள் கூட்டத்தில் இருந்த கணவர் ஜானுக்கு (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்) கடிதம் எழுதுகிறார். வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்பது என்ன தெரியுமா? ஒரு கட்டு குண்டூசி! முன்பு ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இப்போது 20 ஷில்லிங், அதைக் கொடுத்தாலும் கிடைப்பதில்லை என்கிறார். இங்கிலாந்துச் சரக்கு வாங்குவதில்லை என்று 1774 டிசம்பரிலேயே அமெரிக்கக் காலனிகள் கட்டுப்பாடு போட்டிருந்தன, அதற்கு மேல் போர் வேறு. குண்டூசி இல்லாமல் என்ன முழுகிப்போயிற்று என்று கேட்காதீர்கள். அன்றைய பெண்களின் மேலங்கியை முன்பக்கம் சேர்த்துப் பிடித்ததே குண்டூசிதான்.

படி 4: போரை ஜன்னலுக்கு வெளியே வையுங்கள்

மாதிரிக்கு நான் எழுதிய நாலு வரி:

பீரங்கிச் சத்தம் விடிகாலையிலேயே தொடங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா நிமிரவில்லை, தரையில் மண்டியிட்டு, இரண்டு பலகைக்கு நடுவே விழுந்த குண்டூசியைக் கோழி இறகால் நெம்பிக்கொண்டிருந்தாள். "அப்பா எப்போ வருவார்?" என்றேன். "பேசாதே, உள்ளே போயிடப் போகுது" என்றாள்.

அவள் பயந்தாள் என்று நான் எழுதவில்லை, பார்த்தீர்களா? முதல் வரைவில் எழுதியிருந்தேன், அப்புறம் அடித்துவிட்டேன்.

படி 5: சொற்களைச் சலியுங்கள்

அம்மா அப்பாவை 'நீங்கள்' என்பாளா, 'நீ' என்பாளா? முதல் பக்கத்திலேயே தீர்மானித்துக் கடைசிவரை மாற்றாதீர்கள். குண்டூசி என்றே எழுதுங்கள், மறந்தும் ஊக்கு வந்துவிடக் கூடாது. இன்று நாம் போடுகிற ஊக்குக்குக் காப்புரிமை வாங்கியதே 1849-ல்தான். அதேபோல் 1773-ல் யாரும் 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்று பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது, அதுவரை வெறுமனே தேயிலையை அழித்த சம்பவம்தான். அன்று கடல் வற்றியிருந்த நேரம் என்பதால், கொட்டிய தேயிலை கப்பலோரமாகவே வைக்கோல் போர் மாதிரி குவிந்துபோனது. உங்கள் கதைப் பையன் அந்தக் கூட்டத்தில் இருந்தால், மறுநாள் காலை அவன் செருப்பை உதறும்போது அம்மா பக்கத்தில் நிற்கட்டும்.