மேலே நீல வானம், உள்ளே வெள்ளம்: மணற்பாறைப் பள்ளத்தாக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தெற்கு யூட்டா, வடக்கு அரிசோனா பக்கம் காரில் சுற்றி, மணற்பாறை இடுக்குகளுக்குள் நடந்துவர ஆசைப்படுபவர்கள் அதிகம். ஆசைப்பட வேண்டிய இடம்தான். ஆனால் உயிரோடு விளையாடும் தவறு ஒன்று இருக்கிறது: அண்ணாந்து பார்த்து, 'வானம் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று உள்ளே இறங்கிவிடுவது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பக்கத்தில். அந்த நிலத்தில் பெரும்பாலும் வெறும் பாறைதான், தண்ணீரை உறிஞ்ச மண் குறைவு. பெய்த மழையெல்லாம் வழிந்தோடி, இரண்டு கையையும் விரித்தால் சுவர் தட்டுகிற இடுக்குக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? யூட்டாவில் பக்ஸ்கின் கல்ச் என்ற நீண்ட இடுக்கில் நடக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். எட்டாத உயரத்தில் இரு சுவருக்கும் நடுவே மரத்தடிகள் குறுக்கே சிக்கியிருக்கும். அவற்றை அங்கே செருகியது வெள்ளம்தான்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை வருவது அங்கே வழக்கம். அதனால் கிளம்பும் நாள் காலையில், நீங்கள் நிற்கும் ஊருக்கு மட்டுமல்ல, அந்த ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பகுதிக்கும் சேர்த்து வானிலை பாருங்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை உண்டா என்று வனக் காவலர் அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். 2015 செப்டம்பரில் சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறந்த 7 பேரிடமும் அனுமதி இருந்தது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ, தூரத்தில் இரைச்சல் கேட்டாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் மேடு ஏறிவிடுங்கள்.

அப்புறம் குடிதண்ணீர். கோடையில் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வேண்டும். கூடவே உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும்.

காரைப் பற்றி இரண்டே விஷயம். ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே சுமார் 170 கி.மீ. பெட்ரோல் பங்க் கிடையாது. ஹவுஸ் ராக் வேலி சாலை போன்ற மண்சாலைகள் நனைந்தால் களிமண்ணாகி டயரைப் பிடித்துக்கொள்ளும்.

நேரமும் குழப்பும். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டாவும், அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலமும் மாற்றுகின்றன. போன் காட்டும் மணி ஒன்று, முன்பதிவு செய்த மணி வேறு என்றாகிவிடும். எந்த ஊர் நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். 2003-இல் ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறுபவர் யாரிடமும் சொல்லாமல் யூட்டாவின் புளூஜான் கேன்யனுக்குப் போனார். பாறையில் கை சிக்கி 5 நாள் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைசியாக, காலடியைக் கவனியுங்கள். மணல்மேல் கறுப்பாக, முடிச்சு முடிச்சாக ஒரு பொருக்கு தெரியும். அழுக்கு மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது, நுண்ணுயிர்கள் மண்ணைப் பிணைத்துக் கட்டிய தோல். ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாதை இல்லாத இடத்தில் பாறைமேலோ ஓடை மணலிலோ மட்டும் கால் வையுங்கள்.