“மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு” என்று முதுகில் தட்டுவதற்கு முன்

பிறந்தநாள் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். பரிசுப் பெட்டி குழந்தையின் கைக்கு வந்த அடுத்த நொடி, முதுகில் ஒரு தட்டு: “மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு, ம்ம், சத்தமா!” குழந்தை கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு அம்மா புடவைக்குள் ஒளியும், “வீட்டுல வாய் ஓயாது, இப்பப் பாருங்க” என்று எல்லோரும் சிரிப்பார்கள். நாலு பேர் முன்னால் இப்படி மாட்டிவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு நீங்களே நன்றி சொல்லிவிடுங்கள், குழந்தையுடையது மறுநாள் போய்ச் சேர்ந்தால் போதும்.

மறுநாள் சொல்ல, யார் எதைக் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமே! எங்கள் வீட்டில் ஒரு முறை எல்லாப் பொட்டலத்தையும் ஒரே மூச்சில் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று ஸ்கெட்ச் பெட்டிகளை வைத்துக்கொண்டு எது அத்தை கொடுத்தது என்று முழித்தோம். இப்போது பிரிக்கும்போதே அடியில் பென்சிலால் பெயர் எழுதிவிடுகிறோம்.

அடுத்த தவறு, நாம் சொல்லச் சொல்லக் குழந்தையை எழுத வைப்பது. “தாங்கள் அன்புடன் அளித்த பரிசு கிடைத்தது” என்று ஏழு வயதுப் பிள்ளை எழுதினால் அத்தைக்குத் தெரியாதா, யார் வாய் என்று? என் மகளை அவள் போக்கில் விட்டபோது அந்த ஸ்கெட்சாலேயே ஒரு யானை வரைந்து, கீழே “வயலட் தீந்துபோச்சு” என்று எழுதினாள். பரிசு எவ்வளவு பிடித்தது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

அதை அனுப்ப 50 காசு தபால் அட்டை போதும். ஒரு பக்கம் முழுக்கப் படம், மறுபக்கத்தில் முகவரியும் ஆறு இலக்க பின்கோடும். தபால் பெட்டியில் போடுவதைக் குழந்தையிடமே விடுங்கள், எட்டாவிட்டால் தூக்கிப் பிடியுங்கள். எழுத வராத வாண்டு என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. வீடியோதான் எடுப்பேன் என்றால் ஒரே டேக்கோடு நிறுத்துங்கள், நாலாவது டேக்கில் பிள்ளை நடிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம், ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்தாயிற்றே என்று இதை விட்டுவிட வேண்டாம். அது நீங்கள் கடையில் மொத்தமாக வாங்கியது.

பிடிக்காத பரிசு வரும்போதுதான் சிக்கல். “இது என்கிட்ட இருக்கே!” என்று கேட்டுவிட்டால் நமக்கு மானம் போன மாதிரி இருக்கும், உடனே ஒரு கிள்ளு வேறு. கரோலின் சார்னி என்ற உளவியலாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே சப்பென்ற பரிசைக் கொடுத்து அவர்கள் முகத்தைக் கவனித்தார். பெரிய பிள்ளைகள் ஓரளவு சமாளித்தார்கள், சின்னவர்கள் முகத்தில் ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. ஆறு வயதில் அதை மறைக்கத் தெரியாதது திமிர் இல்லை, வயசு. “ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லு” என்று பொய் சொல்லப் பழக்குவதும் சரியாகப் படவில்லை. கொடுத்தவர் பட்ட சிரமத்தைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டுங்கள், நன்றி பொம்மையைப் பற்றியதாகவே இருக்க வேண்டாம். போன முறை வீட்டில் இதைப் பேசி வைத்திருந்தோம். இரண்டாவது செஸ் போர்டு வந்தபோது என் மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, இவ்ளோ பெரிய பெட்டிய பஸ்ல எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?” மாமா உட்கார்ந்து, கண்டக்டரோடு போட்ட சண்டையிலிருந்து கதையை ஆரம்பித்துவிட்டார்.