முதல் 200 கிமீ சைக்கிள் ரைடு, 12 வாரத்துல எப்படி ரெடியாகறது

200 கிமீன்னு சொன்னதுமே எல்லாரும் முதல்ல கேக்கறது எவ்ளோ ஸ்பீடா ஓட்டணும்ங்கறதுதான். பிஆர்எம்னு (குறிச்ச டைமுக்குள்ள முடிக்க வேண்டிய லாங் சைக்கிள் ரைடு) சொல்றாங்களே, அதுல 200 கிமீக்கு கொடுக்கற டைம் பதிமூணரை மணி நேரம், வகுத்துப் பாருங்க, மணிக்கு 15 கிமீ கூட வராது. ரோட்ல 20 ஸ்பீடுல நிதானமா போனாலே 10 மணி நேரத்துல தூரம் முடிஞ்சிரும், மிச்சம் இருக்கற மூணரை மணி நேரம் சாப்பிடறதுக்கு, பஞ்சர் பாக்கறதுக்கு, நிழல்ல கொஞ்சம் உக்கார்றதுக்கு. அதனால நீங்க பழக வேண்டியது ஸ்பீடு இல்ல. 10, 12 மணி நேரம் சீட்லயே இருந்து, வயிறு கெடாம, முட்டி பிடிக்காம, கை மரத்துப் போகாம மிதிச்சிட்டே இருக்கறதுக்குத்தான் பழகணும். கீழ எழுதியிருக்கறது எல்லாமே அதுக்குத்தான்.

பிஆர்எம் புதுசா கேள்விப்படறவங்களுக்கு சுருக்கமா: 1904ல ஆரம்பிச்ச ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்தான் உலகம் பூரா இதுக்கு தலைமை, இந்தியால ஆடாக்ஸ் இந்தியா மூலமா அந்தந்த ஊர் கிளப்புங்க நடத்துது. இது ரேஸ் கிடையாது, முதல் பரிசு ரெண்டாம் பரிசு எதுவும் இல்ல. கையில ஒரு கார்டு கொடுப்பாங்க, நடுவுல கன்ட்ரோல் பாயிண்ட்ல, அதாவது நீங்க வந்ததைப் பதிவு பண்ற இடத்துல, அதுக்குன்னு இருக்கற டைமுக்குள்ள போய் சேரணும், கன்ட்ரோல் இல்லாத இடத்துல சப்போர்ட் வண்டி வெச்சுக்கக் கூடாது, நம்ம பாட்டை நாமளே பாத்துக்கணும். 200, 300, 400, 600 நாலையும் ஒரே சீசன்ல முடிச்சா சூப்பர் ராண்டனர்னு பேரு. அதெல்லாம் அப்புறம், முதல்ல 200.

இந்த பிளான் யாருக்குன்னா, இப்ப நிறுத்தாம 20 கிமீ ஓட்ட முடியறவங்களுக்கு. அது முடியலைன்னா ஒரு மாசம் தினமும் அரை மணி நேரம் ஓட்டிட்டு அப்புறம் இதை ஆரம்பிங்க. பிபி, சுகர், நெஞ்சு சம்பந்தமா ஏதாவது இருந்தா டாக்டரை பாத்துட்டுதான் இறங்கணும், இதுல சமரசமே வேண்டாம். சைக்கிளுக்காக லட்ச ரூபா செலவு பண்ணத் தேவையில்ல, நல்லா பராமரிச்ச ஹைபிரிட் ஒண்ணு போதும். குண்டு டயர் போட்ட எம்டிபிலயும் (மவுண்டன் பைக்) முடிக்கலாம், ஆனா ஸ்லிக் டயர், அதாவது பட்டன் இல்லாத வழவழப்பான டயர் மாத்திக்கிட்டா உழைப்பு பாதி மிச்சமான மாதிரி தெரியும்.

கிலோமீட்டர் ஏத்தறதுக்கு முன்னாடி சீட் உயரத்தை சரி பண்ணுங்க. சீட்ல உக்காந்து குதிகாலை பெடல்ல வெச்சு, பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நீட்டி இருக்கணும், அப்புறம் பாதத்தோட முன்பக்கத்தை வெச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அதுதான் கணக்கு. நம்ம ஊர்ல முக்காவாசி பேர் ரெண்டு காலும் தரைல ஊன்றணும்னு சீட்டை இறக்கியே வெச்சிருக்காங்க, 20 கிமீல ஒண்ணும் தெரியாது, 80 தாண்டினா முட்டி சொல்லிரும். முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கு, பின்பக்கம் வலிச்சா உயரமா இருக்கு. மாத்தும்போது அஞ்சு மில்லிமீட்டர் அஞ்சு மில்லிமீட்டரா மாத்துங்க, ஒரே அடியா ரெண்டு இஞ்ச் தூக்கிடாதீங்க. கியர் விஷயத்துலயும் இதே முட்டிக் கணக்குதான், பெரிய கியர் போட்டு அழுத்தி அழுத்தி மிதிக்காம, லேசான கியர்ல நிமிஷத்துக்கு 80லேர்ந்து 90 சுத்து வர்ற மாதிரி பழகிக்கோங்க. ஆரம்பத்துல கால் சும்மா சுத்தற மாதிரி இருக்கும், ரெண்டு வாரத்துல பழகிரும்.

இப்ப வாரக் கணக்கு. வாரத்துக்கு மூணு இல்ல நாலு நாள் ஓட்டினா போதும், அதுல ஞாயித்துக்கிழமை லாங் ரைடுதான் உயிர்நாடி, மத்ததை தவற விட்டாலும் அதை விடாதீங்க. ஞாயித்துக்கிழமை தூரம் முதல் வாரம் 30 கிமீ, அடுத்தது 40, மூணாவது 50, நாலாவது வாரம் 35க்கு இறக்கிடுங்க. இந்த இறக்கற வாரத்தை நிறைய பேர் வீண்னு நினைச்சு தாண்டிப் போறாங்க, ஆனா தசை, தசைநார் எல்லாம் பலமாகறது ஓய்வுலதான், அதுலயும் தசைநார் தசையை விட மெதுவாத்தான் பழகும், அதுக்கு இந்த டைம் வேணும். அஞ்சுல 60, ஆறுல 75, ஏழுல 90, எட்டுல திரும்ப 60. ஒன்பதுல 110, பத்துல 140, பதினொண்ணுல 70, பன்னண்டாவது வாரம் நிஜ ரைடு. 140 ஓட்டினவங்க 200 ஓட்டிருவாங்க, பிராக்டிஸ்லயே 200 போட்டுப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல.

சென்னைல இருக்கறவங்களுக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இதுக்குன்னே போட்ட மாதிரி ரோடு. திருவான்மியூர்லேர்ந்து முட்டுக்காடு போய் திரும்பினா 40 சொச்சம், மாமல்லபுரம் போய் வந்தா 90க்கு மேல, கல்பாக்கம் தாண்டிப் போய் திரும்பினா அந்த 140 கணக்குக்கு வந்துரும். மாமல்லபுரம் தாண்டினா கடை குறையும், அதுக்கு முன்னாடியே பாட்டில் ரெண்டையும் ரொப்பிக்கோங்க. விடிகாலை நாலரை, அஞ்சுக்கு கிளம்பிருங்க, ஒன்பது மணிக்கு மேல அந்த ரோட்ல வெயிலும் வண்டியும் சேந்து வரும்.

லாங் ரைடுல வேகம் எவ்ளோ வெக்கணும்னா, பக்கத்துல ஓட்டறவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். பேச்சு ரெண்டு வார்த்தை ரெண்டு வார்த்தையா உடைஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குரூப்ல போகும்போது இது ரொம்ப முக்கியம், யாராவது ஒருத்தர் 28ல இழுப்பார், அவர் பின்னாடியே ஒட்டிக்கிட்டு போவீங்க, முதல் 50 கிமீ ஜாலியா இருக்கும், கடைசி 50 கிமீல கால்ல ஒண்ணுமே இருக்காது. விட்டுருங்க, அவர் போகட்டும். வார நாள்ல ரெண்டு தடவை முக்கா மணி நேரம் ஓட்டுங்க, ஒரு நாள் சும்மா மெதுவா, இன்னொரு நாள் அஞ்சாவது வாரத்துலேர்ந்து 5 நிமிஷம் நல்லா இழுத்து 3 நிமிஷம் லேசா, இப்படி நாலு ரவுண்டு. சென்னைல மேடு கிடையாதுன்னு கவலைப்பட வேண்டாம், மேம்பாலத்துல காலைல ஆள் இல்லாத நேரம் ஏறி இறங்கினாலே பழக்கம் வரும், முடிஞ்சா ஒரு தடவை ஏலகிரி போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவை ஏறிப் பாருங்க. வீட்ல ஸ்குவாட், பிளாங்க் வாரம் ரெண்டு நாள் கால் மணி நேரம் போட்டா எட்டு மணி நேரத்துக்கு அப்புறம் இடுப்பு நன்றி சொல்லும்.

மேட்டை விட நம்ம கடற்கரை ரோட்ல காத்துதான் பெரிய ஆளு. டிசம்பர், ஜனவரில வடகிழக்கு காத்து, பாண்டி பக்கம் போகும்போது முதுகுல தள்ளும், ஆகா நாம இவ்ளோ ஃபிட்டான்னு தோணும், திரும்பும்போது அதே காத்து நெஞ்சுல வரும், 25 ஓட்டினவங்க 16 ஓட்டுவாங்க. போகும்போதே இதைக் கணக்குல வெச்சு நேரத்தை சேமிக்கணும், சக்தியையும் சேமிக்கணும். எதிர்காத்துல ஸ்பீடோமீட்டரைப் பாக்காதீங்க, ஒரு கியர் இறக்கி, உடம்பைக் குனிச்சு, மூச்சு எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. முட்டுக்காடு பாலம், பாலாத்துப் பாலம் மாதிரி திறந்த இடத்துல பக்கவாட்டுல தள்ளும், ஹேண்டிலை இறுக்காம ஆனா ரெண்டு கையாலயும் பிடிச்சிருங்க.

சாப்பாடு பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா புதுசா வர்றவங்க பாதில நிக்கறதுக்கு காலை விட வயிறுதான் காரணமா இருக்கு. உடம்புல சேத்து வெச்ச மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான் வரும், அது தீந்ததும் திடீர்னு கண்ணு இருட்டற மாதிரி, கால் கழண்ட மாதிரி ஆகிரும், அதுக்கப்புறம் சாப்பிட்டு மீள ரொம்ப நேரம் ஆகும். அதனால பசிக்கறதுக்கு முன்னாடியே, மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போயிட்டே இருக்கணும். நடுத்தர சைஸ் வாழைப்பழம் ஒண்ணுல 25 கிராம் கிட்ட இருக்கு, அதோட ரெண்டு பேரீச்சம்பழம் இல்லைன்னா ஒரு கடலைமிட்டாய் சேத்துக்கிட்டா ஒரு மணி நேரத்துக்கு ஆச்சு. விலை ஜாஸ்தியான ஜெல் எல்லாம் கட்டாயம் இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி இட்லி அருமை, நடுவுல தயிர்சாதம் அதை விட அருமை, உப்பும் கிடைக்கும் வயிறும் குளிரும். பூரி, பரோட்டா, வடை இதெல்லாம் எண்ணெய், ஜீரணமாக நேரமாகும், ரைடு முடிஞ்சப்புறம் வெச்சுக்கோங்க.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்லேர்ந்து முக்கா லிட்டர், வெயிலைப் பொறுத்து. வெறும் தண்ணியாவே குடிச்சிட்டே இருந்தா வியர்வைல போற உப்பு திரும்ப வராது, ரத்தத்துல சோடியம் இறங்கி தலைவலி, குமட்டல் வரும், முத்தினா உயிருக்கே ஆபத்து. ஒரு பாட்டில்ல தண்ணி, இன்னொண்ணுல ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணிலதான் கலக்கணும், அரை லிட்டர் பாட்டில்ல மொத்தமா கொட்டக் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, உப்பு போட்ட மோர் கிடைச்சா அதையும் சேத்துக்கோங்க. எதை சாப்பிடப் போறீங்களோ அதை எல்லாம் பிராக்டிஸ் ரைடுலயே சாப்பிட்டுப் பாத்திருக்கணும், அன்னிக்கு புதுசா எதுவும் வேண்டாம்.

உக்கார்ற இடம் பத்தி வெளிய பேச கூச்சப்படறாங்க, ஆனா பேசியே ஆகணும். பேடட் ஷார்ட்ஸ் வாங்குங்க, உள்ள வேற எதுவும் போடக் கூடாது, தையல் உரசிதான் புண்ணாகுது. உரசற இடத்துல வேசலின் தடவிக்கோங்க, கால் மணிக்கு ஒரு தடவை பெடல் மேல நின்னு கொஞ்சம் இடைவெளி கொடுங்க, ரைடு முடிஞ்சதும் ஈர ஷார்ட்ஸோட டீக்கடைல அரட்டை அடிக்காம மாத்திருங்க. கை சுண்டு விரல், மோதிர விரல் மரத்துப் போனா உள்ளங்கை நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம், பிடிக்கற இடத்தை மாத்திட்டே இருங்க.

ரெண்டு ஸ்பேர் டியூப், டயர் லீவர், பம்ப், பேட்ச், ஆலன் கீ செட். வெச்சிருந்தா மட்டும் பத்தாது, பின் சக்கரத்தைக் கழட்டி டியூப் மாத்தி திரும்ப மாட்டறதை வீட்ல உக்காந்து பழகிருங்க, டியூப் போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலால தடவி முள்ளு, கம்பி இருக்கான்னு பாருங்க. முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், ஒளிரும் ஜாக்கெட், ஹெல்மெட், இதுல எதையும் விடாதீங்க, இருட்டுல கிளம்பி இருட்டுல முடிக்க வேண்டி வரலாம்.

கடைசி வாரம் ரெண்டு தடவை லேசா முக்கா மணி நேரம், அவ்ளோதான். அன்னிக்கு முந்தின ராத்திரி தூக்கம் சரியா வராது, பரவாயில்ல, அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரி நல்லா தூங்கிருங்க. ரைடுல 200ன்னு நினைக்காம அடுத்த கன்ட்ரோல் வரைக்கும்னு மட்டும் பாருங்க, நிறுத்தம் ஒவ்வொண்ணும் பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள, மதிய சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி. தலை சுத்தல், வியர்வை நின்னு போறது, குழப்பம், நெஞ்சு வலி இதுல எது வந்தாலும் உடனே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்க, அடுத்த மாசம் இன்னொரு பிஆர்எம் இருக்கும். நல்லபடியா முடிச்சா கார்டுல எல்லா கன்ட்ரோலும் பதிவாயிருக்கான்னு பாத்து, கையெழுத்து போட்டு அங்கேயே கொடுத்துருங்க, கார்டு போய் சேந்தாத்தான் உங்க ரைடு கணக்குல ஏறும். அப்புறம் சாப்பிட்டு, வீட்டுக்கு நீங்க வண்டி ஓட்டிட்டு போகாம யாரையாவது வரச் சொல்லிருங்க.